சாம்பிள் மாத்திரை

கீழ்க்கட்டளையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் ஜெயக்கொடி இலையை விட்டுப் பாதியில் எழுந்து ஓடினாள். கிணற்றடியில் அவள் எடுத்த வாந்தி காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல இருந்தது. "வெறும் கேஸ்தாம்மா, பயப்படாத" என்று அப்பா சிட்டிபாபு சொன்னதை மகள் சரோஜினி காதில் வாங்கவில்லை. மறுநாளே அம்மாவைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. முடிவு தெரிகிற நாள்.

"ரிசல்ட் வாங்கறதுக்கு நீ எதுக்கு வெயில்ல அலையணும்? படுத்துக்க" என்று மனைவியை இரும்புலியூர் வீட்டிலேயே விட்டுவிட்டு, சிட்டிபாபு மகளோடு தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தார். மின்சார ரயிலில் எதிரெதிரே இடம் கிடைத்தது. எதிரே உட்கார்ந்த மகள் எழும்பூர் வருகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைத்தான் பார்த்தாள்.

சிட்டிபாபுவைத் தாம்பரம் மார்க்கெட்டில் "பாதி டாக்டர்" என்பார்கள். மருந்துக் கடை வைத்திருப்பவர். மருந்துப் படிப்புப் படித்தவர் வேறொருவர். அவருடைய சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில் தொங்கும். ஆள் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மருந்து எடுத்துக் கொடுப்பது, நாக்கை நீட்டச் சொல்வது, கண்ணிமையை இழுத்துப் பார்ப்பது எல்லாம் சிட்டிபாபுதான். "டாக்டருக்கு எதுக்குய்யா தண்டம் அழுவுற? நான் ஒரு மாத்திரை தரேன், போட்டுகினு படு" என்பார். ஊர் அந்தப் பேச்சில் சொக்கிப் போயிருந்தது. சொல்லப் போனால் ஊரைவிட அதிகமாகச் சொக்கிப் போனவர் அவர்தான்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? பாதி டாக்டர் வீட்டுக்கு முழு டாக்டர் எவரும் தேவைப்பட்டதே இல்லை. போன வருஷம் ஆடியில் ஜெயக்கொடி "நெஞ்சு எரியுதுங்க, எதுக்களிச்சுக்கினே கீது" என்றபோது அவர் கொண்டுவந்து கொடுத்தது சாம்பிள் மாத்திரை. மருந்துக் கம்பெனி ரெப்புகள் கடைக்கு வரும்போது ஒரு கை அள்ளி வைத்துவிட்டுப் போவார்களே, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டைகள், அவைதான். அடுப்படி அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அதற்கென்றே ஒதுங்கியது. காலியாகக் காலியாக அவர் நிரப்புவார். இந்த வாரம் வெள்ளை, அடுத்த வாரம் மஞ்சள். எந்தக் கம்பெனி வந்ததோ அது.

தீபாவளிக்குப் பிறகு புதிதாக ஒரு கேப்ஸ்யூல் வந்தது. "இது ராஜா மருந்து ஜெயா. ஒண்ணு போட்டா நாள் பூரா ஆசிட்டே சுரக்காது" என்று பெருமையோடு அவர் கையாலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தார். எரிச்சலும் நின்றது. ஜெயக்கொடி பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

அவள் இளைத்தாள். ஊரே மெச்சியது. "இன்னா ஜெயா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட" என்றார்கள். சிட்டிபாபுவும் சிரித்தார்.

பாவி மனிதர், சிரித்தார்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் யக்ஞநாராயணன் சுற்றி வளைக்கிறவர் இல்லை. உட்காரச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு சொன்னார்.

"உணவுக்குழாய் வயித்துல வந்து சேர்ற இடத்துல ஒரு கட்டி. சாதாரணக் கட்டி இல்லை. கேன்சர்."

சிட்டிபாபு அந்த வார்த்தையைக் கடையில் நின்று எத்தனையோ பேரிடம் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார். தன்னிடம் ஒருவர் சொன்னால் காது அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"நெஞ்செரிச்சல் எப்போ ஆரம்பிச்சுது?"

"போன ஆடியில" என்றாள் சரோஜினி.

"அப்போ என்ன பண்ணீங்க?"

சரோஜினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்கிற பார்வை.

"மாத்திரை குடுத்தேன் சார். ஆசிட் மாத்திரை."

"யார் எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதல. நான் மெடிகல் ஷாப் வெச்சிருக்கேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று சிட்டிபாபு தயாரானார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அது நல்ல மருந்துதான் மிஸ்டர் சிட்டிபாபு. நானே தினமும் எழுதறேன். எதுக்களிப்புக்கும் அல்சருக்கும் எத்தனையோ பேரை அது காப்பாத்தியிருக்கு. ஆனா அதுக்கு ஒரு கெடு வெச்சுத்தான் குடுப்போம். சில வாரம் பார்ப்போம். நிறுத்தினதும் எரிச்சல் திரும்பி வந்தா, ஏன் வருதுன்னு தேடுவோம். ஆளு இளைச்சாலோ, முழுங்கறப்ப அடைச்சாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ கெடுவே கிடையாது. உடனே குழாய் விட்டுப் பார்த்துடுவோம். அவங்களுக்குக் கறுப்பாப் போச்சா?"

"போச்சுன்னு சொன்னா சார். முகம் வெளுத்துப் போச்சேன்னு அயர்ன் மாத்திரை குடுத்துனு இருந்தேன். அயர்ன் போட்டா கறுப்பாத்தான் போவும்னு..."

"வாஸ்தவம். அயர்ன் போட்டாலும் கறுப்பாப் போகும்."

உண்மையைத்தான் சொன்னார் டாக்டர். சிட்டிபாபுவுக்குத் தெரிந்ததும் உண்மைதான். ரத்தம் ஒழுகியது தெரியாமல் போனதும் அந்த உண்மையால்தான்.

"அந்த மாத்திரையாலதான் அம்மாவுக்கு இது வந்துதா டாக்டர்?" என்று கேட்டாள் சரோஜினி.

"இல்லம்மா. மாத்திரை கட்டியை உண்டாக்கலை. எரிச்சலை அடக்கிடுச்சு, அவ்வளவுதான். வயித்துக்கு ஏது வாய்? வலியும் எரிச்சலும்தான் அதோட வாய். அதை மூடிட்டா உள்ளே நடக்கறது வெளியில தெரியாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அதை இப்போ கேட்காதேம்மா. ஆபரேஷன் பண்ணலாம். ஸ்கேன்ல வேற எங்கேயும் பரவினதாத் தெரியலை. ஆனா திறந்து பார்த்தாத்தான் நிச்சயம். திங்கட்கிழமை அட்மிட் பண்ணிடுங்க."

"அதுவரைக்கும் மாத்திரை சார்?" என்று கேட்டார் சிட்டிபாபு. கேட்கிற யோக்யதை தனக்கு உண்டா என்ற சந்தேகத்தோடுதான் கேட்டார்.

"அதே கேப்ஸ்யூலைக் குடுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஆகாரத்துக்கு முன்னாடி. எரிச்சல் இல்லாம இருக்கட்டும். கை வலி கால் வலின்னு வேற எந்த மாத்திரையும் கூடாது, ரத்தக் கசிவு அதிகமாயிடும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. வேற யார் வாயாலயாவது தெரிய வேண்டாம்."

*

திரும்புகிற ரயிலில் கூட்டம். பல்லாவரம் வந்ததும்தான் உட்கார இடம் கிடைத்தது. அங்கேதான் சரோஜினி வாயைத் திறந்தாள்.

"மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்பா. ஆஸ்பத்திரி வாசல் பூத்துல இருந்து."

சிட்டிபாபுவுக்கு வியர்த்தது. ஜெயக்கொடியின் அண்ணன் சம்பத்தை இரும்புலியூரில் தெரியாதவர் கிடையாது. ஏரிக்கரை நிலத்தையெல்லாம் மனைகளாகப் போட்டு விற்றவர். சிட்டிபாபுவின் மருந்துக் கடை இருக்கிற கட்டடம் அவருடையது. தங்கை என்றால் உயிர். தங்கைக்கு ஒன்று என்றால் பெற்றவனென்றும் பார்க்க மாட்டார், கட்டியவனென்றும் பார்க்க மாட்டார்.

"இன்னான்னு சொன்ன?"

"கேன்சர்னு சொன்னேன். இத்தனை மாசம் எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேட்டார். அதை அப்பாகிட்டயே கேளுங்கன்னு வெச்சிட்டேன்." அவள் கண் சிவந்திருந்தது. "கூடுவாஞ்சேரியில இருக்காராம். விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவார். அதுக்குள்ள அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்கப்பா. பாதியை முழுங்காம சொல்லுங்க."

"சரோ, நான் வேணும்னு பண்ணலம்மா."

"எனக்குத் தெரியும்."

"பின்ன எம்மேல ஏன் இவ்ளோ கோவம்?"

"வேணும்னு பண்ணியிருந்தா உங்களை வெறுத்துட்டுப் போயிடலாமே" என்றாள் அவள்.

தாம்பரத்தில் இறங்கியதும் அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். சிட்டிபாபுவின் கால் மார்க்கெட் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று ஒரு சமாதானம்.

கடையில் தனசிங் இருந்தார். பல வருஷமாகக் கூட நிற்கிற விற்பனையாள். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு டிரைவர் சேட்டு வந்தான். பழைய வாடிக்கை.

"இன்னா தலைவா, டல்லாகீற? நம்ம கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு. அப்புறம் முட்டி வலிக்கு அந்தச் செவப்பு மாத்திரையும்."

சிட்டிபாபுவின் கை பழக்கத்தில் அலமாரிக்குப் போயிற்று. அட்டையை எடுத்தும் விட்டது. பிறகு அப்படியே நின்றது.

"எவ்ளோ நாளா போடற சேட்டு?"

"நீ குடுத்ததுலேர்ந்துதான். ரெண்டு பொங்கல் தாண்டிடுச்சு."

"சோறு முழுங்கறப்ப அடைக்குதா? ஆளு எளச்சிருக்கியா? வெளிக்கிப் போனா கறுப்பாப் போவுதா?"

சேட்டு தனசிங்கைப் பார்த்தான். "இன்னா இது, இன்னிக்கு இவுரு போலீஸ் மாதிரி கேக்கறாரு?"

"சொல்லு சேட்டு."

"வெளிக்கிய யாரு நின்னு பாத்துக்கினு இருப்பா? மாத்திரையைக் குடுண்ணா, சவாரி நிக்குது."

"முட்டி வலி மாத்திரைதான் வயித்தப் புண்ணாக்குது. அதைப் போட்டுகினு, புண்ணு தெரியாம இருக்க இதையும் போட்டுனு... வேணாம்ப்பா. டாக்டரப் போய்ப் பாரு. குழாய் விட்டுப் பாக்கச் சொல்லு. நான் உங்காலத் தொட்டுக் கேக்கறேன்."

"நீதானேண்ணா குடுத்த?" சேட்டுவுக்கு இப்போது எரிச்சல் வந்துவிட்டது. "டாக்டருகிட்ட போனா தண்டம்னு சொன்னதும் நீதான். பேஜார் பண்ணாத. இல்லேன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கறேன்."

சொன்னபடியே போய் வாங்கிக்கொண்டான். சிட்டிபாபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷமாக ஊருக்கே அவர் கற்றுக்கொடுத்த பாடம். ஒரே சாயங்காலத்தில் அழித்து எழுத முடியுமா என்ன?

*

ஜெயக்கொடி கட்டிலில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பங்குனியிலிருந்தே அவளுக்கு இது ஒரு வேலை. இளைக்க இளைக்கத் தையல் உள்ளே போகும். கை வளையல் முழங்கைவரை ஏறி ஏறி இறங்குவதால் அதில் நூல் சுற்றி வைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? சரோ வந்ததும் வராததுமா அண்ணன் வருதுன்னு மட்டும் சொல்லிட்டு பின்பக்கம் போய்ப் பாத்திரத்தப் போட்டு உருட்டிக்கினு கீறா. டாக்டரு இன்னா சொன்னாரு?"

சிட்டிபாபு கட்டிலில் உட்கார்ந்தார்.

"முழுசா சொல்லுங்க" என்றாள் அவள், தையலை மடியில் வைத்துவிட்டு. "எனக்கு நோவுமேன்னு பாத்து நீங்க கொறச்சுச் சொல்லுவீங்க. அப்புறம் நான் உங்க மூஞ்சியப் பாத்து மீதிய கண்டுபுடிக்கணும். வேணாம். முழுசா சொல்லுங்க."

சொன்னார். கட்டி என்றார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையையும் சொன்னார். திங்கட்கிழமை என்றார். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஜெயக்கொடி வளையலில் சுற்றிய நூலை நிரடினாள். "சரோ கூட இருந்துதான் கேட்டாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கொழந்த. நான் இருந்து இல்ல சொல்லியிருக்கணும்."

அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் மகளுக்காக வருத்தப்பட்டதும் அவருக்குள் இருந்ததெல்லாம் உடைந்தது. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயா, இது என்னாலதான். மாத்திரையா குடுத்துக் குடுத்து உள்ள இருந்தத நான்தான் மூடி வெச்சேன். நீ எளச்சப்ப சிரிச்சேன். கறுப்பாப் போவுதுன்னு நீ சொன்னப்ப அயர்ன்னாலதான்னு சொன்னேன். ஒரே ஒரு தரம் டாக்டருகிட்ட கூட்டினு போயிருந்தா..."

"எழுந்திருங்க. ஆம்பள காலப் புடிக்கறதா? எழுந்திருங்கன்னா."

"நீ என்னத் திட்டு ஜெயா. திட்டிடு."

"நான் போனேன்" என்றாள் ஜெயக்கொடி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பங்குனியில. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, மேற்குத் தாம்பரத்துல ஒரு டாக்டருகிட்ட போனேன். சோறு நெஞ்சுலயே நின்னுடுது, தண்ணி குடிச்சாத்தான் எறங்குது. பயமா இருந்திச்சு. உங்ககிட்ட சொன்னா, நம்ம மருந்து கேக்கலயேன்னு உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

பின்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சரோஜினி அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

"அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார் சிட்டிபாபு.

"வயித்த அமுத்திப் பாத்தாரு. வெயிட்டு பாத்தாரு. உடனே பட்டணத்துக்குப் போயி குழாய் விட்டுப் பாருன்னாரு. எத்தினி மாசமா மாத்திரை போடறன்னு கேட்டாரு. சொன்னேன். அவருக்கு வந்துச்சே கோவம்! எந்த மடையன்மா குடுத்தான் இத்தினி மாசம், எந்தக் கடைன்னு சொல்லு, நான் அவன் லைசென்ஸ கேன்சல் பண்ண எழுதறேன்னு கத்தினாரு. வெளிய அத்தினி பேரு ஒக்காந்துனு கீறாங்க. நம்ம மார்க்கெட்டு ஜனம்."

அவள் மூச்சு வாங்கினாள்.

"நானே வாங்கிப் போட்டுக்கினேன் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் போவல. குழாய் விட்டுப் பாக்கணும்னா உங்ககிட்ட சொல்லணும். சொன்னா அந்த டாக்டரு சொன்னதையும் சொல்லணும். ஊரே உங்கள டாக்டருன்னு கூப்புடுது. உங்களப் போயி ஒருத்தரு மடையன்னு சொல்றத கேட்டுக்கினு எனக்கு ஒரு வைத்தியம் வேணுமா? ராஜா மருந்து இருக்குதே, அதுவே பாத்துக்கும்னு விட்டுட்டேன்."

சிட்டிபாபு மாதங்களை விரலில் எண்ணினார். பங்குனி. சித்திரை, வைகாசி, ஆனி, எல்லாம் போய் இன்று ஆடி. அந்த மாதங்களை அவருக்காக அல்லவா அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள்! தாலி கட்டியவனின் பேர் கெடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டவளுக்கு, எரிச்சலையும் சேர்த்து மூட அவர் நாள் தவறாமல் மருந்து கொடுத்திருக்கிறார்.

"அவரு சரியாத்தான் சொன்னாரு ஜெயா" என்றார் கடைசியில். "மடையன்தான்."

"சும்மாருங்க." அவள் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். "அண்ணன் வருதாம்ல? சரோ சொன்னா. அது கேட்டா நான் பேசிக்கறேன். நானே வாங்கிப் போட்டுக்கினேன்னு சொல்லிடறேன். அதுக்குக் கோவம் வந்தா கடைய காலி பண்ணச் சொல்லும். நான் ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப நீங்க கடையும் இல்லாம இன்னா பண்ணுவீங்க? சரோ படிப்பு கீது. நீங்க வாயத் தொறக்கக் கூடாது. எம்மேல ஆணை."

தெருவில் புல்லட் சத்தம் கேட்டது. இரும்புலியூரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே ஆள்தான்.

"எரியுதுங்க" என்றாள் ஜெயக்கொடி, நெஞ்சைத் தடவிக்கொண்டு. "சாயங்கால மாத்திரை உண்டா, இனிமே கூடாதுன்னாரா?"

"உண்டு."

அவர் அடுப்படிக்குப் போனார். மகளைத் தாண்டித்தான் போக வேண்டும். சரோஜினி விலகி வழிவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு திறந்த பாட்டில். கேப்ஸ்யூலும் தண்ணீரும் கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைக்கும்போது சம்பத் உள்ளே நுழைந்துவிட்டார்.

தங்கையைப் பார்த்தார். நூல் சுற்றிய வளையலைப் பார்த்தார். பெரிய உருவம், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஜெயா... இன்னாம்மா இது? போன மாசம் பாத்தப்ப கூட எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" அவ்வளவுதான், துக்கம் கோபமாகிவிட்டது. "இத்தினி மாசம் இது எப்பிடித் தெரியாமப் போச்சு? உனக்கு மருந்து குடுத்துனு இருந்தது யாரு? நீ சொல்லு."

"யாரும் குடுக்கலண்ணா. நானேதான் வாங்கி..."

"நான்தான் மச்சான்" என்றார் சிட்டிபாபு.

ஜெயக்கொடி திரும்பினாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் அவரை அப்படிக் கோபமாகப் பார்த்ததில்லை.

"நான்தான் குடுத்தேன். சாம்பிள் மாத்திரை. டாக்டரக் கேக்காம குடுத்தேன். எல்லாம் தெரியும்னு நெனச்சு குடுத்தேன். பங்குனியிலயே இவ டாக்டரப் போய்ப் பாத்திருக்கா. என் பேரு கெட்டுடும்னு அதையும் மறைச்சுட்டா. இவ இப்ப சொல்ல வந்ததும் அதே பொய்தான். இன்னொரு தரம் எனக்காக இவ பொய் சொல்ல வேணாம் மச்சான்."

சம்பத் கையை ஓங்கினார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கை விரிந்து நீண்டது.

"கடை சாவிய எடு."

சிட்டிபாபு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். சம்பத் அதை எடுக்கக் குனிந்தார்.

அப்போதுதான் ஜெயக்கொடி கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

அது நின்றுவிட்டது. நெஞ்சில் எங்கோ நின்றுவிட்டது. அவள் கை நெஞ்சைப் பிடித்தது, கண் விரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சிட்டிபாபு ஒரு பக்கம் தாங்கினார், சம்பத் மறு பக்கம். "மெதுவா, மெதுவா ஜெயா." இன்னொரு மடக்கு. இன்னொன்று. கோபம், சாவி, கடை எல்லாம் எங்கோ போயிருந்தன. ஒரு சின்ன மாத்திரை ஒரு தொண்டை வழியாக இறங்க வேண்டுமே என்று இரண்டு ஆண்பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எறங்கிடுச்சு" என்றாள் ஜெயக்கொடி. அவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

சிட்டிபாபு அவள் முதுகைத் தடவியபடியே அழுதார். சம்பத் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சற்றுக் கழித்து அவர் கை மேஜையைத் துழாவியபோது சாவி அங்கே இல்லை.

அது சரோஜினியின் கையில் இருந்தது. அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. பங்குனியிலேயே டாக்டர் சொன்னதை மறைத்த அம்மாவை, சாவியை யாரிடமும் நீட்டாமல் இறுகப் பிடித்தபடி, பார்த்துக்கொண்டே நின்றாள்.